பிடி சொல்லாமல் விட்டது

ஒருமுறை சரிந்த மலை மறுபடியும் சரியும். மீட்கப் போனவர்களே புதைந்துபோன சில மழைக்காலங்களுக்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு அது உறைத்தது. ஆள் ஏறாத மண் அள்ளும் இயந்திரங்களை மலைக்கு அனுப்பிவிட்டு, அவற்றை ஓட்டுகிறவர்களைக் கோயம்புத்தூரில் குளிரூட்டிய ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். வினோதினி அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் பெண்.

கண்ணுக்குத் திரை இருந்தது. ஆனால் மழையில் கேமராவின் மேல் சேறு அடித்துவிட்டால் திரையை நம்பிப் பயனில்லை. மண்ணுக்கு அடியில் இருப்பதை எந்தக் கேமராவும் காட்டாது. அதனால் கைக்குச் சொல்லும் பிடியுள்ள லீவர்களைப் பொருத்தியிருந்தார்கள். மலையில் இயந்திரத்தின் பக்கெட் எதைத் தொட்டாலும், இங்கே லீவர் அதே தொடுதலை அவள் உள்ளங்கையில் செய்து காட்டும். பாறை என்றால் மணிக்கட்டு வரை அதிர்வு ஏறும். மரவேர், யாரோ எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். தகரம் என்றால் விரல்நுனி நடுங்கும். ஈரமண், இட்லி மாவுக்குள் கையை விட்டதுபோல வழிவிட்டு விலகும். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மனித உடம்பு எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அவள் கைகள் முதல் மழைக்காலத்திலேயே தாமாகக் கற்றுக்கொண்டன.

அந்த வருஷம் ஒரு கிராமமே மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு வாரம் தோண்டினாள். வீட்டுக்கு வந்தபின், மகள் தாரணிக்குச் சட்டை மாட்டிவிடும்போது குழந்தையின் தோள் உள்ளங்கையில் பட்டது. சட்டென்று கையை உதறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகு குழந்தையைத் தொடவே முடியவில்லை. கணவன் மணிவாசகன்தான் குளிப்பாட்டினான், சோறூட்டினான், தூங்கவைத்தான். மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடத்திலிருந்து சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லீவரின் தொடுதலை எழுதும் மென்பொருள் பொறியாளன் ஹாரூனும் ஒருநாள் ஆப்பிள் பையோடு வந்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் வேலைக்குப் போனபோது அவள் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. கைகள் அமைதியாக இருந்தன. அடுத்தடுத்துப் பல சரிவுகளில் தோண்டினாள். மற்ற இயந்திரங்கள் உடல்களை எடுத்ததைத் திரையில் பார்த்தாள். அவளுடைய பக்கெட்டிலும் சில முறை வந்தன. மண்ணோடு மண்ணாக மேலே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன. கை அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

“பழகிடுச்சு உனக்கு,” என்றான் மணிவாசகன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தாரணி மடியில் வந்து உட்கார்ந்தால் இப்போது கை கூசவில்லை. அதுவே போதும் என்றிருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, கரடிச்சோலை எஸ்டேட்டில் தேயிலைச் சரிவு ஒன்று அப்படியே வழுக்கித் தொழிலாளர் குடியிருப்பின் மேல் இறங்கியது. இயந்திரம் மலையேறி நின்றபோது மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேலே இன்னும் விரிசல் இருந்ததால் ஆட்கள் யாரும் கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு. தீயணைப்பு அதிகாரி கிருபாகரன் எதிர் மேட்டில் நின்றுகொண்டு மைக்கில் பேசினார்.

“மேடம், ரெண்டாவது வரிசையில ஒரு சுவரு தெரியுதுங்களா? நம்ம மோப்ப நாய் அங்கயே சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் மண்ணு அசைஞ்சுதுன்னு திரும்பக் கூப்பிட்டுக்கிட்டோம்.”

“தெரியுது சார். சுவரை ஒட்டி எடுக்கறேன்.”

மெதுவாகத்தான் எடுத்தாள். தொட்டு, அழுத்திப் பார்த்து, அள்ளி, ஓரமாகக் கொட்டினாள். மண். மறுபடியும் மண். ஒருமுறை செங்கல் வந்தது, கை உடனே சொன்னது. இரும்புக் கட்டில் கால் ஒன்று வந்தது, அதையும் சொன்னது. பிறகு நெடுநேரம் மண்தான். எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி வழிவிட்டு விலகும் மண்.

பக்கெட் மேலே வந்தபோது அதன் பல்லில் ஒரு நீலப் போர்வை தொங்கியது.

வினோதினி லீவரை நிறுத்தினாள். போர்வை கிழிந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. துணி மாட்டினால் லீவர் இழுத்துக் காட்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. இவ்வளவு பெரிய துணி மண்ணுக்குள்ளிருந்து உருவி வந்திருக்கிறது. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“என்னாச்சு மேடம்?” என்றார் கிருபாகரன்.

“ஒரு நிமிஷம் சார்.”

கேமராவை ஓரமாகத் திருப்பிப் பார்த்தாள். சேற்றின் மேல் ஒரு இலவம்பஞ்சு மெத்தை பாதி புதைந்து கிடந்தது. பக்கெட்டைக் கொண்டுபோய் அதன் மேல் மெல்ல வைத்தாள். மெத்தை அமுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. கை சொன்னது: மண்.

எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மண்.

பக்கத்தில் கிடந்த பாறையைத் தட்டினாள். மணிக்கட்டு வரை அதிர்ந்தது.

“ஹாரூனைக் கூப்பிடுங்க,” என்று பின்னால் பார்க்காமலே சத்தம் போட்டாள். “உடனே வரச் சொல்லுங்க.”

ஹாரூன் ஓடிவந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன், மெலிந்த ஆள், எப்போதும் எதையோ மறந்துவிட்டவன்போல நடப்பான். திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

“என்னக்கா, லீவர் மக்கர் பண்ணுதா?”

“பாறை சரியா வருது. இரும்பு சரியா வருது. மெத்தை மட்டும் மண்ணா வருது. ஏன் ஹாரூன்?”

அவன் லீவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழுது என்றால் முதலில் அதைத்தான் தொடுவான். அதை அவள் கவனித்தாள்.

“அக்கா, கொஞ்சம் வெளியில வந்து பேசலாமா?”

“அங்க உள்ள ஆளு இருக்காங்க. வெளியில போய் என்னத்தைப் பேசறது? இங்கயே சொல்லு.”

“ஒரு ஃபில்டர் இருக்கு,” என்றான் தாழ்ந்த குரலில். “பக்கெட் தொடறது உடம்பு மாதிரி மெத்துன்னு இருந்தா, லீவர் அதைக் கைக்கு அனுப்பாது. அதுக்குப் பதிலா மண்ணு மாதிரி அனுப்பும்.”

“யாரு வெச்சது?”

“நான்தான்.”

“யாரு வெக்கச் சொன்னாங்க?”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். “நீங்கதான்க்கா.”

அவளுக்கு நினைவு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, ஆப்பிள் பையை மடியில் வைத்திருந்த இந்தப் பையனிடம் கெஞ்சியது. இந்தக் கைக்கு இனிமேல் அது வரவே கூடாது, நீதானே எல்லாம் எழுதறே, வராம பண்ணு, உனக்குப் புண்ணியமாப் போகும். அதைச் சொன்னதை அவள் மறந்திருந்தாள். அவன் மறக்கவில்லை.

“அழுதுக்கிட்டு சொன்னதுடா அது,” என்றாள். “அழுதுக்கிட்டு இருக்கறவ சொல்றதை எல்லாம் செஞ்சுடுவியா?”

“நீங்க மட்டும் இல்லக்கா. தூக்கம் வரலைன்னு இன்னும் சில பேரு வந்தாங்க. ஒருத்தர் சோத்தைப் பெசைய முடியலைன்னு ஸ்பூன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. முதல்ல உங்க சீட்டுக்கு மட்டும்தான் வெச்சேன். எல்லாரும் லீவு போடறது குறைஞ்சதும் மேல இருக்கறவங்க எல்லா சீட்டுக்கும் வெக்கச் சொல்லிட்டாங்க.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிருக்கக் கூடாதா?”

“சொல்லிட்டா அது வேலை செய்யாதுக்கா. கையில மண்ணு வர்றப்பெல்லாம், இது மண்ணா, இல்ல மண்ணு மாதிரி காட்டுதான்னு தோணும். அப்புறம் அள்ளற ஒவ்வொரு மண்ணும் உடம்பாத்தான் தெரியும்.”

“உடம்புன்னு உன் புரோகிராமுக்குத் தெரியுதில்ல? தெரிஞ்சா அங்க நிக்கறவங்களுக்காவது சொல்லணுமில்ல?”

“சொல்ற மாதிரிதான் வெச்சிருந்தேன். அதிகாரிங்களுக்கு அலாரம் போகும். ஆனா மெத்தைக்கும் அடிச்சுது, அரிசி மூட்டைக்கும் அடிச்சுது, வாழைமரத்துக்கும் அடிச்சுது. ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திட்டுப் போய்ப் பார்த்து அலுத்துப்போய், அதை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அலாரத்தை நிறுத்தினோம். ஃபில்டரை எடுக்கலை.”

கூடத்தில் மற்ற இருக்கைகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த இருக்கையில், வேறொரு மலையில் சாலையைச் சீர்செய்துகொண்டிருந்த கோபிநாத், தன் லீவர்களிலிருந்து கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஹாரூன்,” என்றாள் வினோதினி. “மஞ்சப்பள்ளம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன வருஷம் மஞ்சப்பள்ளத்தில் மலை சரிந்து காணாமல் போனவர்களைத் தேடி அவள்தான் தோண்டினாள். ஒரு பகல் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லை சார் என்று அவள்தான் மைக்கில் சொன்னாள். அவள் கையை நம்பித் தேடலை முடித்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் கைகாட்டிக்கொண்டே இருந்தது திரையில் தெரிந்தது. ஆறுதல் சொல்ல யாராவது அந்தம்மா பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று அப்போது வினோதினி நினைத்தாள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?” கிருபாகரனின் குரல் பதறியது. “மேல விரிசல் பெருசாகுதுங்க. ரொம்ப நேரம் இல்லை.”

“எடுத்துடு,” என்றாள் ஹாரூனிடம்.

“எடுத்தா மொத்தமா வரும்க்கா. பழையபடி. உங்க கைக்கு இப்ப அந்தப் பழக்கமே இல்லை. வேற யாரையாவது—”

“யாரை? இங்க இருக்கறவங்க எல்லாருக்கும்தானே வெச்சிருக்கே. எடு.”

அவன் அவள் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தான். இரண்டு முறை தப்பாகத் தட்டி அழித்தான். வினோதினி கைகளை லீவரிலிருந்து சற்றுத் தூக்கி, காற்றில் வைத்திருந்தாள். இறக்கப் பயமாக இருந்தது. கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப் போகிறவள்போல விரல்கள் தாமாக உள்ளே மடங்கின. தாரணியின் தோள் ஞாபகத்துக்கு வந்தது. அதை விரட்டிவிட்டுக் கைகளை இறக்கினாள்.

“சரிக்கா,” என்றான் ஹாரூன்.

முதலில் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சு அமுங்கி மெல்ல மேலெழும்பியது. கண்ணை மூடிக்கொண்டாலும் அது மெத்தை என்று சொல்லியிருப்பாள். பக்கெட்டைச் சுவரோரம் கொண்டுபோனாள்.

மண், இது நிஜமான மண். அதிலேயே இத்தனை வகை இருந்ததை மறந்துபோயிருந்தாள். கொழகொழப்பானது, பொலபொலவென்று உதிர்வது, வேர் பின்னியது. அதற்கு அடியில், கட்டில் கால் வந்த இடத்துக்குச் சற்று மேற்கே, கை நின்றது.

அது அதேதான். இத்தனை நாள் கழித்தும் கைக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. முழங்கைகளில் மயிர் சிலிர்த்தது. வாயைத் திறந்தால் அலறிவிடுவோம் என்று தோன்ற, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அழுத்தாமல், விலகாமல், பக்கெட்டின் விளிம்பை அப்படியே வைத்திருந்தாள். எந்த அசைவும் இல்லை.

“சார், இங்க ஒருத்தங்க இருக்காங்க,” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “அசைவு இல்லைங்க. அப்படியே விட்டுட்டு அடுத்த பக்கம் பார்க்கறேன்.”

“சரிங்க மேடம். குறிச்சுக்கறேன்.”

சுவரின் மூலைக்கு வந்தாள். போர்வை வந்த இடம். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கெட்டை மெல்ல இறக்கினாள். மறுபடியும் அந்த மென்மை. கண்களை மூடிக்கொண்டாள்.

அது தள்ளியது.

மண் விலகும், பாறை எதிர்க்கும், வேர் இழுக்கும். எதுவும் தானாகத் தள்ளாது. லீவர் அவள் உள்ளங்கையை மிக லேசாக மேல்நோக்கி அழுத்தியது. விட்டது. பிறகு இன்னொரு முறை. இந்த முறை இன்னும் லேசாக.

வினோதினி பக்கெட்டை ஒரு விரல் அளவு உயர்த்தினாள். அதற்கு மேல் உயர்த்தினால் பக்கத்து மண் இறங்கிவிடும். இறக்கினால் உள்ளே இருப்பவர் நசுங்கிப்போவார். இயந்திரத்தின் முழுப் பாரத்தையும் இரண்டு உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

“சார்! உயிர் இருக்கு! உள்ள தள்ளறாங்க!”

“நிஜமாவாங்க?”

“என் கையைத் தள்ளறாங்க சார்! மிஷினால இதுக்கு மேல முடியாது, கையால எடுக்கணும். நான் பக்கெட்டை மண்ணு விழாம முட்டுக் குடுத்துப் பிடிச்சுக்கறேன். ஆளை அனுப்புங்க.”

கிட்டே யாரும் போகக் கூடாது என்ற உத்தரவு கிருபாகரனுக்கும் தெரியும். மேலே விரிசல் விட்டிருப்பது அவர் கண் முன்னால் இருந்தது.

“நான் போறேன்,” என்றார். “ரெண்டு பேரு விருப்பப்பட்டு வந்தா வாங்க.”

நான்கு பேர் வந்தார்கள். மண்வெட்டி இல்லாமல், கைகளால் வாரிப்போட்டார்கள். வினோதினியின் தோள்கள் இறுகி வலித்தன. வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஹாரூன் எழுந்து தன் கைக்குட்டையால் அவள் நெற்றியைத் துடைத்தான். திரையில் முதலில் ஒரு முழங்கை தெரிந்தது. அப்புறம் ஒரு தலை. சேறு பூசிய வாய் திறந்து மூடியது. அந்த மனிதனைத் தார்ப்பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேட்டை எட்டும்வரை அவள் பக்கெட்டை அசைக்கவில்லை. அவர்கள் எட்டிய சற்று நேரத்தில் மேலேயிருந்து மண் இறங்கி, சுவரையும் இயந்திரத்தையும் சேர்த்து மூடியது. இரண்டு லீவர்களும் ஒருமுறை உதறிவிட்டு அடங்கின.

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. கோபிநாத் மட்டும் ஹாரூனிடம் கேட்டார்: “என் லீவரிலயும் அது இருக்கா தம்பி?”

“இருக்குங்க சார்.”

அவர் தன் கைகளை அந்நியப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே வினோதினி மஞ்சப்பள்ளத்தைப் பற்றி மேலதிகாரிகளிடம் தானே போய்ச் சொன்னாள். விசாரணை தொடங்கியது. வேண்டியவர்கள் ஃபில்டரை வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம் என்று ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு விசை வைத்தார்கள். சிலர் அணைத்தார்கள். சிலரால் முடியவில்லை. அவர்களை வினோதினி ஒன்றும் சொல்லவில்லை. ஹாரூனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் இரண்டு தடவை அவனுக்குப் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. மஞ்சப்பள்ளத்தை மறுபடியும் தோண்ட உத்தரவு வந்தபோது, அந்த வேலையைத் தனக்கே தரும்படி கேட்டுக்கொண்டாள்.

தோண்டப் போவதற்கு முந்தின வாரம், அரசு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து சொன்னார். கரடிச்சோலையில் காப்பாற்றப்பட்டவர் தேறிவிட்டார், இயந்திரத்தை ஓட்டியவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அவர் பெயர் பொன்னுதுரை. தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் பிரிவில் இருந்தவர். பார்வையாளர் நேரத்தில் அவள் போனபோது, மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

“படுங்கண்ணா, படுங்க,” என்றாள்.

“பொம்பளைப் புள்ளைன்னு சொன்னாங்க, நான் நம்பலீங்க.” கும்பிட்டார். “உக்காருங்கம்மா. என் சம்சாரம் காப்பி வாங்கப் போயிருக்கு. அது மவ பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்துச்சு, தப்பிச்சுது. உங்களைப் பார்த்தா கால்ல விழும், தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாத காலில்தான் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

“எல்லாரும் மலை மேலதான் பழி சொல்றாங்க. மண்ணு எனக்கு ஒண்ணும் பண்ணலீங்கம்மா. கட்டில் சாஞ்சு மறைச்சுக்கிச்சு. உள்ள இருட்டுதான், ஆனா மூச்சு விட முடிஞ்சுது. போர்வையைக் காலோட சுத்திக்கிட்டு அப்படியே கிடந்தேன். காலை மொதல்ல வந்த மிஷினுதான் போக்கிடுச்சு.”

“மொதல்ல வந்த மிஷினா?”

“ஆமாங்க. உங்களுக்கு முந்தி ஒண்ணு வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு, சரி, வந்துட்டாங்கன்னு சந்தோசப்பட்டேன். நேரா காலு மேல எறங்குச்சு. கத்தறேன், கேட்கலை. போர்வையைப் புடிங்கிக்கிட்டுப் போயிடுச்சு. அது போன பெறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. செத்தோம்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறமாத்தான் நீங்க வந்தீங்க. நீங்க தொட்டப்பவே தெரிஞ்சுதுங்க, இது வேற ஆளுன்னு. பூ மாதிரி வந்து நின்னுச்சு.” அவர் கண்கள் கலங்கின. “அந்த மொத மிஷினை ஓட்டினது யாருன்னு தெரியுங்களாம்மா?”

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சும்மா இருந்துவிடலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

“ரெண்டு மிஷின் வரலீங்கண்ணா,” என்றாள். “ஒண்ணுதான். ரெண்டு தடவையும் நான்தான்.”

பொன்னுதுரை அவளையே பார்த்தார். புரியாததுபோல முகம் சுருங்கியது. பிறகு பார்வை மெல்ல இறங்கி அவள் மடியில் இருந்த கைகளில் நின்றது.

“அப்போ மொதல்ல வந்தப்போ, நான் தள்ளினது உங்களுக்குத் தெரியலீங்களா?”

“தெரியலை.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவளிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்:

“அப்பத்தாங்க நான் நல்லா பலமாத் தள்ளினேன்.”